கை நனைத்த கதை

எங்கள் கரிசல் பக்கம் பெண் பார்க்கப் போகிறவர்கள், பேச்சு முடிகிறவரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காப்பித்தண்ணி வரைக்கும் சரி. இலை போடுகிற சத்தம் கேட்டால் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். கை நனைத்தால் சம்பந்தம் முடிவான மாதிரி. அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு வந்தாலும் முதலில் வந்து விழுகிற சொல், “இனிமே ஒன் வீட்ல கை நனைக்க மாட்டேன்” என்பதுதான். இங்கே சேருவதும் சோற்றில், பிரிவதும் சோற்றில்.

‘சமபந்தி’ என்ற பேச்சு எழுந்தபோது ஊர்ப் பெரிய தலைகள் ஏன் அப்படிப் பதறின என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது. எழுதிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சமபந்தியில் ‘ம’வின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் சம்பந்தி. இன்றைக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவன் நாளைக்குப் பெண் கேட்டு வருவான். அந்த ஒற்றைப் புள்ளிக்குத்தான் அத்தனை பயம்.

பந்தி என்றால் வெறும் வரிசையா? கல்யாண வீட்டில் கோரைப்பாயை நீளமாக விரிப்பார்கள். தலைவாழை இலை விழும், தண்ணீர் தெளிப்பார்கள், ஓரத்தில் உப்பு வைப்பார்கள். முதல் பந்தியில் யார், இரண்டாவதில் யார், யாரை யார் கையைப் பிடித்து உட்கார வைப்பது, யார் பரிமாறுவது, எச்சில் இலையை யார் எடுப்பது என்று எல்லாவற்றுக்கும் எழுதாத சட்டம் உண்டு. பாயில் இடமே இல்லாத சனம் வேப்பமரத்தடியில் ஏனத்தோடு காத்திருக்கும். எல்லாரும் உண்டு முடித்தபின் மிச்சம் அந்த ஏனத்தில் விழும். கம்பும் சோளமும் கேழ்வரகும் விளைகிற மானாவாரி நிலம் இது. நெல்லுச்சோறு என்பதே தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும்தான். அந்தச் சோறு யாருக்கு இலையில், யாருக்கு ஏனத்தில் என்பதுதான் ஊர் யாரை எங்கே வைத்திருக்கிறது என்பதற்கான கணக்கு.

அந்தக் கணக்கை முதலில் கலைத்துப் பார்த்தவர்கள் சாமியார்கள். தெற்கே சாமித்தோப்பில் 1830களில் வைகுண்ட சாமிகள் பல சாதிச் சனத்தையும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்கச் சொன்னார், ஒன்றாக உட்கார வைத்துச் சோறு போட்டார். வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் தருமச்சாலை அடுப்பை மூட்டினார். அது இன்றுவரை அணையவில்லை. பசித்து வருகிறவரிடம் சாதி கேட்பதில்லை என்பது அங்கே விதி. இவர்கள் சமபந்தியை அருளாக, அறமாக நடத்தினார்கள். அது உரிமை வழக்காக மாறியது இருபதாம் நூற்றாண்டில். மாறிய இடம் தாமிரபரணிக் கரை.

வ.வே.சு. ஐயர் லண்டனில் சட்டம் படிக்கப் போய் இந்தியா ஹவுஸ் புரட்சிக்காரர்களோடு நின்றவர், பாண்டிச்சேரியில் பாரதியோடு இருந்தவர். 1922இல் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் ஒன்றை நடத்தத் தொடங்கினார். தேசியக் கல்வி தரும் பள்ளி என்று காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி, முதலில் ஐயாயிரத்தைக் கொடுத்தது. பல சாதிப் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் பிராமணப் பையன்கள் இரண்டு பேருக்குத் தனியாகச் சாப்பாடு. பெற்றோர் அந்த நிபந்தனையோடுதான் சேர்த்தார்கள் என்றார் ஐயர்.

இரண்டே இலைதான். அந்த இரண்டு இலை தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்டது. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் தனிப்பந்தியா என்று அன்று காங்கிரசில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டார்கள். காந்தி வரைக்கும் வழக்குப் போனது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்தவர் கரையேறவில்லை. அந்த நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். வகுப்புவாரி உரிமைதான் அன்றைய உடனடிக் காரணம். ஆனால் மனசு உடைந்தது சேரன்மாதேவிச் சாப்பாட்டுக் கூடத்தில்.

பெரியாரின் சுயமரியாதை இயக்கம் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்றாத பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டவர் அவர். மூன்றாவது மாகாண மாநாடு 1931இல் கோவில்பட்டிக்கு வடக்கே விருதுநகரில் கூடியது. இந்த மாநாடுகளில் தீர்மானத்துக்கு இருந்த மரியாதை சாப்பாட்டுக்கும் இருந்தது. மேடையில் யார் வேண்டுமானாலும் சமத்துவம் பேசிவிடலாம், பந்தியில்தான் ஆள் தெரியும். அதனால் ஒரே வரிசை. சமையலுக்கும் யோசித்து ஆள் வைத்தார்கள். நாடார் சமையற்காரர்கள் சமைத்ததை எல்லாரும் உண்டார்கள்.

இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அன்றைக்கு இருந்தது. இதே கரிசல் பூமியில் 1895இல் கழுகுமலையில் தெருவில் ஊர்வலம் போகிற உரிமைக்காக நாடார்கள் மோதினார்கள், ரத்தம் சிந்தியது. 1899இல் சிவகாசி எரிந்தது. கமுதிக் கோயிலுக்குள் போன வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறி, 1908இல் அவர்களுக்கு எதிராகத் தீர்ந்தது. பூமணியின் ‘அஞ்ஞாடி’ நாவல் விரிக்கிற காலம் இது. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் இருபது வருஷம் கழித்துக் கரண்டியைப் பிடிக்கிறார்கள், மற்ற சாதிக்காரர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து அவர்கள் சமைத்ததை வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்றால் அது சாப்பாட்டு விஷயமா? சமபந்திக்கு இரண்டு பாதி உண்டு என்பதை அந்த ஆட்கள் அப்போதே கண்டுகொண்டார்கள். பக்கத்தில் உட்காருவது ஒரு பாதி. சமைத்த கையிலிருந்து வாங்கித் தின்பது மறுபாதி.

அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் ‘சம ஆசனம், சம போசனம்’ என்ற குரல் எழுந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் பெஞ்சில் உட்காரலாம் என்று அரசு சொன்னதற்கே பள்ளிகள் கொளுத்தப்பட்டன. கேரளத்தில் இன்னும் முன்பே, 1917இல், செறாயியில் சகோதரன் ஐயப்பன் ‘மிச்ர போஜனம்’ நடத்திச் சொந்தச் சாதியாரிடமே ஏச்சு வாங்கினார். சோற்றுக்குச் சண்டை போடுவது நமக்கு மட்டும் வாய்த்ததில்லை.

மாநாட்டுச் சமபந்தி ஆண்டுக்கு ஒருமுறை. அதைத் தினப்படி காரியமாக்கியவர் விருதுநகர்க்காரர். காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை பிடியரிசியில் வளர்ந்த பள்ளி. வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் பானையிலிருந்து எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார்கள், அது பள்ளிக்கு. சோற்றுக்கும் படிப்புக்கும் உள்ள உறவை அவருக்கு யாரும் புத்தகத்தில் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. முதலமைச்சரான பிறகு ரயில்வே கேட்டில் கார் நின்றபோது ஆடு மேய்க்கும் பையனைப் பார்த்துப் பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்டதும், போனால் சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பிக் கேட்டதும் ஊரறிந்த கதை. அந்த கேட் சேரன்மாதேவியில் இருந்தது என்பார்கள். உண்மையென்றால், தனிப்பந்தி சந்திக்கு வந்த ஊரிலேயே பொதுப்பந்திக்கு விதை விழுந்திருக்கிறது.

விதை முளைத்த ஊர் எட்டயபுரம். கோவில்பட்டிக்குக் கிழக்கே, பாரதி பிறந்த ஊர். 1956இல் மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் அங்கே தொடங்கி வைத்தார். பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டினார். தொடக்கத்தில் அது ஊரார் கொடுத்த தானியத்திலும் காசிலும் நடந்த சாப்பாடு. அரசுப் பணம் பிறகு வந்தது. அதற்கும் முன்னால் 1920இல் சர் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் இதைச் செய்து பார்த்திருக்கிறது. 1982இல் எம்.ஜி.ஆர். பாப்பாக்குறிச்சியில் தொடங்கியது சத்துணவாக ஊரெல்லாம் பரவியது. திட்டத்தின் நோக்கம் பசி. ஆனால் பள்ளித் திண்ணையில் மேலத்தெருப் பிள்ளையும் கீழத்தெருப் பிள்ளையும் தட்டோடு முட்டி இடிக்க உட்கார்ந்தபோது, தமிழ்நாட்டின் மிக நீளமான சமபந்தி, அந்தப் பெயர் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது.

பெயரோடு நடந்ததும் உண்டு. சுதந்திர தினத்தன்றும் அண்ணா நினைவு நாளன்றும் பெரிய கோயில்களில் பொது விருந்து நடக்கும். கலெக்டரும் அமைச்சரும் சனத்தோடு உட்காருவார்கள். வடை, பாயசம், மறுநாள் பேப்பரில் படம். குறை சொல்ல ஒன்றுமில்லை. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் உள்ளே இலை முன்னால் உட்காருவது சின்ன விஷயமில்லை. ஆனால் வருஷத்துக்கு இரண்டு நாள் எந்தச் சாதியும் எதையும் பொறுத்துக்கொள்ளும். மிச்சம் முந்நூற்றுச் சொச்சம் நாள்தான் கேள்வி.

கேள்வி அடுப்பங்கரையிலிருந்து வந்தது. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பள்ளி மதிய உணவுக்குச் சமையலர், உதவியாளர் நியமிக்கும்போது தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. செங்கல்பட்டு மாநாட்டுக்காரர்கள் கையில் எடுத்த அந்த மறுபாதி, முக்கால் நூற்றாண்டு கழித்து நீதிமன்ற உத்தரவாக வந்தது. உத்தரவு வந்தால் போதுமா? 2018இல் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் திரண்டார்கள். அவரை இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த உத்தரவைத் திரும்ப வாங்கினார்கள்.

2023 ஆகஸ்ட் 25 அன்று காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். சமைப்பவர்கள் அந்தந்த ஊர் மகளிர் குழுப் பெண்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, எட்டயபுரம் பக்கத்தில் உசிலம்பட்டி என்ற சின்ன ஊரிலிருந்து செய்தி வந்தது. பட்டியல் சாதிப் பெண் சமைத்த உணவைப் பிள்ளைகள் தொடவில்லை. மொத்தமே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கிற பள்ளி. காரணம் பற்றி ஊருக்குள் பேச்சு ஒன்றுபோல இல்லை. ஆனால் தட்டு தொடப்படாமல் இருந்தது. தொகுதி எம்.பி. கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் கலெக்டரும் போய், அதே பெண் சமைத்ததை வாங்கிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காமராஜர் பந்தியைத் தொடங்கி வைத்த மண்ணில், 67 வருஷம் கழித்து அதை இன்னொரு முறை தொடங்க வேண்டியிருந்தது.

1960 பிப்ரவரியில் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர்கள் நான்கு பேர், வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேடையில் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை. எழுந்திருக்கவுமில்லை. அந்த ஊர்களில் வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். அவர்கள் கைச்சமையல் ஆகும், அவர்கள் பக்கத்தில் உட்காருவதுதான் ஆகாது. நமக்குத் தலைகீழ். பக்கத்தில் உட்கார ஒருவழியாகப் பழகிவிட்டோம், கைச்சமையலில் வந்து நிற்கிறோம். சமபந்தி அரைகுறையாக எந்தெந்தப் பக்கம் நிற்கும் என்பதற்கு இரண்டு ஊரும் சாட்சி.

கை நனைப்பது என்றால் சாப்பிடுகிறவன் கை என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். காலையில் பொங்கல் போடுகிற நாளில், பிள்ளைகள் வருவதற்கு வெகு முன்பே பள்ளிக்கூடத்து அடுப்படியில் ஒரு பெண் அரிசியும் பருப்பும் களைந்துகொண்டிருப்பாள். அமைச்சர் வந்த அன்றைக்கும் அப்படித்தான், யாரும் வராத மறுநாளும் அப்படித்தான். பந்தியில் முதலில் நனைகிற கை அவளுடையது.