ஓம் விதியும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும்

வோல்டேஜ் = கரண்ட் × ரெசிஸ்டன்ஸ். பத்தாவது தாண்டிய எல்லாருக்கும் இது மனப்பாடம். மூணுல ரெண்டு தெரிஞ்சா போதும், மூணாவது தானா வந்துடும். ரெண்டு மார்க் கேரண்டி. நான் படிச்சது எலெக்ட்ரிக்கல், சோறு போடுவது சாஃப்ட்வேர். நாலு வருஷ இன்ஜினியரிங்கில் இந்தச் சமன்பாட்டை எத்தனை தடவை போட்டிருப்பேனோ, கணக்கே இல்லை. ஆனா இதை நம்பி ஒரு வாத்தியார் தன் வேலையையே விட்ட கதையை எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை. அதான் இந்தப் பதிவு.

கியார்க் சைமன் ஓம் 1789-ல் ஜெர்மனியின் எர்லாங்கனில் பிறந்தார். அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. தானாகவே படித்து, பிள்ளைகளுக்கும் கணக்கு சொல்லிக் கொடுத்த மனிதர். மகன் 1817-ல் கொலோன் நகரத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு, இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. மின்சாரத்தில் இறங்கிவிட்டார்.

இங்கே ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அப்போ வோல்ட்மீட்டர் கிடையாது, அம்மீட்டர் கிடையாது. ஓம், வோல்ட், ஆம்பியர் என்ற அலகுகளும் கிடையாது. கையில் இருந்தது வோல்டாவின் பேட்டரியும், கரண்ட் போகிற கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்பும் என்று 1820-ல் ஓர்ஸ்டெட் கண்டுபிடித்த விஷயமும்தான்.

1825-ல் ஓம் வெளியிட்ட முதல் கட்டுரையில் இருந்தது நமக்குத் தெரிந்த விதி இல்லை. கம்பி நீளமாக ஆக, கரண்டின் பலம் எவ்வளவு குறைகிறது என்பதற்கு லாகரிதம் வைத்து ஒரு சூத்திரம் எழுதியிருந்தார். அது தப்பு. அந்தக் கால பேட்டரி நிலையாக நிற்காது. அளந்து கொண்டிருக்கும்போதே பலம் மாறிவிடும். ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து தராசு பிடிக்கிற மாதிரி.

அப்போது பொகண்டார்ஃப் என்ற பத்திரிகை ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார்: பேட்டரியை விட்டுடுங்க, ஸீபெக் 1821-ல் கண்டுபிடித்த வெப்ப மின்சாரத்தை எடுத்துக்கோங்க. ரெண்டு உலோகங்களைச் சேர்த்து, ஒரு இணைப்பைச் சூடாகவும் இன்னொன்றைக் குளிராகவும் வைத்தால் கரண்ட் ஓடும். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் சேர்த்தார். ஒரு முனை கொதிக்கிற தண்ணீரில், இன்னொரு முனை ஐஸில். கொதிநீர் 100 டிகிரி, ஐஸ் 0 டிகிரி, ரெண்டும் நகராது. அப்போ மின்சாரத்தைத் தள்ளும் சக்தியும் நகராது!

1826-ல் ஒரே தடிமன் கொண்ட எட்டு செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டினார். நீளம் 2 அங்குலத்தில் தொடங்கி 130 அங்குலம் வரை. திரும்பிய ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவர, அது தொங்கும் இழையை எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கரண்டின் அளவு. ஒரு வரிசையில் 2 அங்குலத்துக்குச் சுமார் 327, 4 அங்குலத்துக்கு 300, 130 அங்குலத்துக்கு 48.

கவனிச்சீங்களா? நீளம் ரெட்டிப்பானா கரண்ட் பாதியாகணும். ஆனா 327 வெறும் 300-தான் ஆகியிருக்கு. விதி பொய்யா? இல்லை. கம்பி மட்டுமே சர்க்யூட் இல்லையே, பிஸ்மத்தும் மற்ற இணைப்புகளும் தடைதானே. அந்த மொத்தத் தடையும் 20¼ அங்குலக் கம்பிக்குச் சமம் என்று ஓம் கணக்கிட்டார். இப்போ பாருங்க: 7285-ஐ 22¼-ஆல் வகுத்தால் 327. 24¼-ஆல் வகுத்தால் 300. 150¼-ஆல் வகுத்தால் 48. எல்லாம் கச்சிதமா உட்காருது! எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். பேட்டரியின் 'உள் தடை' என்று நாம் படித்தது அந்த 20¼-ல் இருந்துதான் வருது.

1826-லேயே பாதிச் சம்பளத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லின் போனார். 1827-ல் புத்தகம் வந்தது. இதை வைத்து ஒரு பல்கலைக்கழக வேலை கிடைக்கும் என்று நம்பினார். கிடைக்கவில்லை. ஜெர்மனியில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, சிலர் கடுமையாகத் தாக்கினார்கள். கொலோன் வேலையை விட்டார். 1833-ல் நியூரம்பர்க்கில் ஒரு நிலையான வேலை கிடைக்கும்வரை திண்டாட்டம்தான். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. மியூனிக்கில் இயற்பியல் பேராசிரியர் பதவி கிடைத்தது 1852-ல். ரெண்டே வருஷம், 1854-ல் இறந்துவிட்டார்.

இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. இங்கிலாந்தின் கேவண்டிஷ் 1781-லேயே இந்த உறவைக் கண்டுபிடித்திருந்தார், தன் உடம்பில் ஷாக் வாங்கி, எது பலம் என்று ஒப்பிட்டு! ஆனால் வெளியிடவில்லை. மாக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தது 1879-ல்.

சரி, பவர்? அதுக்கு ஆள் வேற. மான்செஸ்டர் பக்கத்து பீர் ஆலைக்காரரின் மகன் ஜூல், கரண்ட் ஓடும் கம்பிச்சுருளைத் தண்ணீரில் வைத்து, தெர்மாமீட்டரால் சூட்டை அளந்தார். கரண்டின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் பெருக்கினால் அந்த வெப்பக் கணக்கு வருகிறது என்று 1841-ல் வெளியிட்டார். அப்போது அவருக்கு 22 வயது.

இந்த ரெண்டையும் சேர்த்து உங்க வீட்டு வாட்டர் ஹீட்டருக்குப் போடுங்க. 230 வோல்ட், 1500 வாட். 1500-ஐ 230-ஆல் வகுத்தால் கரண்ட் சுமார் 6.5 ஆம்பியர். 230-ஐ அதால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ் சுமார் 35 ஓம். சாயங்காலம் லோ வோல்டேஜ், 180-க்கு இறங்கிடுச்சு. வோல்டேஜ் குறைந்தது 22 சதவீதம்தான். ஆனால் ஹீட்டரின் தடை பெரிதாக மாறாததால் கரண்டும் கூடவே இறங்கும். பவர் = 180 × 180 ÷ 35, சுமார் 920 வாட். கிட்டத்தட்ட 40 சதவீதம் போச்சு. தண்ணி ஏன் சுடவே மாட்டேங்குதுன்னு இப்போ புரியுதா? :-)

1881-ல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடு தடையின் அலகுக்கு ஓம் என்ற பெயரையே ஏற்றுக்கொண்டது. வேலை கேட்டு அலைந்த அந்த வாத்தியாரின் பெயர் இன்னைக்கு உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு மல்ட்டிமீட்டரிலும் இருக்கு.