சூத்திரத்துக்கு முன் நிகண்டு

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது பெங்களூர்க்காரர்களிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம் என்று முகையூரில் பேசிக்கொள்கிறார்கள். என் மகள் தன் பிள்ளைகள் இருவருக்கும் அப்படித்தான் செய்யப்போகிறாள் என்று தெரிந்ததும், தெருவில் பாதிப் பேர் என்னிடம் துக்கம் விசாரிக்காத குறை. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் வீட்டிலேயே இப்படியா என்று கேட்டார்கள்.

வீட்டுப் படிப்பு நமக்குப் புதிதல்ல. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, ஜில்லாவுக்கு எத்தனை பள்ளிக்கூடங்கள் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். எங்கள் ஊர் அப்போது தென்னார்க்காட்டில் இருந்தது. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். தென்னார்க்காட்டிலிருந்து 875 பள்ளிகள் என்று கணக்குப் போயிற்று. பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள்தான். சென்னைப் பட்டணத்துக் கணக்கில் இன்னொரு எண்ணும் இருந்தது. வீட்டிலேயே பாடம் கேட்ட பிள்ளைகள் 26,000க்கும் மேல். பள்ளியில் படித்தவர்களைப் போல் ஐந்து மடங்கு. மன்றோவுக்கே அதில் சந்தேகம் இருந்தது. ஆனாலும் வீட்டுப் படிப்பைச் சேர்க்காமல் கணக்குப் பார்ப்பது சரியாகாது என்று 1826இல் எழுதிய குறிப்பில் ஒத்துக்கொண்டார். பெண்பிள்ளைகள் அந்தக் கணக்கில் மிகச் சொற்பம். என் பேத்தி அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் திண்ணையும் இல்லை, வீட்டுப் பாடமும் அநேகமாக இல்லை. பழசையெல்லாம் பொற்காலம் என்பவர்களிடம் இதையும் சொல்லிவிடுவேன்.

மகள் கேட்ட கேள்வி வேறு. “எந்த இலக்கணப் புத்தகத்துலப்பா ஆரம்பிக்கிறது?” கடையில் வாங்கிய நான்கைந்து புத்தகங்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். எல்லாம் வண்ணப்படம் போட்டவை; எல்லாவற்றிலும் முதல் பாடம் பெயர்ச்சொல், இரண்டாவது வினைச்சொல். பேரனுக்கு எட்டு வயது, பேத்திக்கு ஆறு.

இந்த வயதில் நம் பழைய ஆட்கள் எந்த இலக்கணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், எதையும் இல்லை. மணலில் விரலால் அரிச்சுவடி. பிறகு எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி. அப்புறம் சதகம், அந்தாதி. அதற்கும் மேலே போகிற பிள்ளைக்கு நிகண்டு: ஒரு பொருளுக்கு எத்தனை பெயர், ஒரு பெயருக்கு எத்தனை பொருள் என்று பாட்டாகக் கட்டி வைத்த அகராதி. அதைத் தலைகீழாக ஒப்பித்த பிறகுதான் இலக்கணம், அதாவது நன்னூல். பெரும்பாலான பிள்ளைகள் அதற்கு முன்பே கணக்கெழுதவோ கழனிக்கோ போய்விடுவார்கள்.

இந்த வரிசைக்குக் காரணம் பக்தியோ பழமையோ மட்டுமல்ல, ஓலையும் ஒரு காரணம் என்பது என் கட்சி. ஓலையில் புள்ளி வைப்பதில்லை. குத்தினால் ஓலை கிழியும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ‘பொன’ என்று கீறியிருந்தால் அது பொன்னாக இருக்கலாம், ‘போன’வாகவும் இருக்கலாம், காலை ரகரமாக எடுத்தால் ‘பெரன’, ‘பேரன்’ என்றுகூடப் படிக்கலாம். மஞ்சளும் கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்தால் எழுத்து கறுப்பாகத் தெரியும். தெரிகிற எழுத்து எந்தச் சொல் என்பது மட்டும் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது படிப்பவன் நெஞ்சில் ஏற்கெனவே கிடக்கும் சொற்கள்தான். சொல் இருப்பு இல்லாதவனால் ஏட்டை வாசிக்கவே முடியாது, பிறகு எங்கே இலக்கணம்? வீரமாமுனிவர் ஏகார ஓகாரத்துக்குத் தனிக்குறி வகுத்தது, வெள்ளைக்காரராக வந்து இந்த ஓலையோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில்தான் என்று நினைக்கிறேன். அவருடைய இலக்கண நூலான தொன்னூல் விளக்கம் 1730இல் முடிந்தது.

நன்னூல் எழுதிய பவணந்தி சமணர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் எழுதினார். சமணம் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல; திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கிறது. மயிலம் தமிழ்க் கல்லூரியில் நான் புலவர் படிப்புப் படித்த காலத்தில் அந்தப் பக்கம் போயிருக்கிறேன். (மயிலத்துப் பொம்மபுர ஆதீனம் 1938இல் தொடங்கிய கல்லூரி அது. வீரசைவ மடத்துக் கல்லூரியில் சமண முனிவரின் இலக்கணம். எங்களில் ஒருவருக்கும் அது விசித்திரமாகத் தோன்றியதில்லை.) நன்னூலில் 462 சூத்திரங்கள்; அவற்றில் 55 பாயிரம். இலக்கணத்தைத் தொடுவதற்கு முன்பே ஆசிரியன் எப்படி இருக்க வேண்டும், பாடம் எப்படிச் சொல்ல வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று பவணந்தி விரிவாகப் பேசிவிடுகிறார். மாணாக்கரை அன்னம், பசு, ஓட்டைக் குடம், ஆடு, எருமை என்றெல்லாம் தரம் பிரிக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பெடுத்தவன் சொல்கிறேன், இதில் ஆடுதான் அச்சு அசல். ஒரு செடியிலும் நின்று மேயாது.

வீட்டில் வைத்து இலக்கணம் சொல்லிக்கொடுத்த குடும்பங்களில் நாம் நன்றாக அறிந்தது உ.வே.சாமிநாதையருடையது. 1855இல் பிறந்த அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி, தகப்பனார் வேங்கடசுப்பையர் குடும்பத்தையே ஊர் ஊராகப் பெயர்த்தார்: அரியலூர், குன்னம், கார்குடி. கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல் பாடம். அதற்குள் சதகங்களும் அந்தாதிகளும் நிகண்டும் பிள்ளைக்கு நெட்டுரு. அந்த வீட்டில் புத்தகத்தைத் தேடியதைவிட ஆளைத் தேடியதுதான் அதிகம். அப்படிப் பெயர்ந்துபோக இன்று யாருக்கு முடியும் என்பது வேறு விஷயம்.

அப்படியானால் சின்னப் பிள்ளைக்கு இலக்கணம் எங்கிருந்து வந்தது? சென்னையில் 1812இல் கோட்டையின் பெயரால் தொடங்கிய கல்லூரியில் தேட வேண்டும். கம்பெனி உத்தியோகத்துக்கு வந்த ஆங்கிலேய இளைஞர்களுக்கு நம் மொழிகளைக் கற்பிக்க வைத்தது அது. அங்கே தலைமைத் தமிழ்ப் புலவராக இருந்த தாண்டவராய முதலியார் 1820களில் ‘இலக்கண வினாவிடை’ எழுதினார். சூத்திரம் இல்லாமல், உரைநடையில் கேள்வியும் பதிலும். வளர்ந்தவர்கள் நிறைந்த இடத்தில் பிறந்த இந்த முறை, கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகளின் பள்ளிக்கு இறங்கியது. சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி.யு.போப், தமிழ் இலக்கணத்தை முதல், இரண்டாம், மூன்றாம் என்று படிப்படியாகப் பிரித்துப் போட்டார். படிக்கட்டு என்ற யோசனை அப்போதுதான் அழுத்தமாக வருகிறது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், மிஷன் பள்ளிகளுக்குப் போட்டியாகச் சைவப் பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதினார். நன்னூலை உரைநடையாக்கி இலக்கணச் சுருக்கம் எழுதினார். பகுதி முடிந்தால் தேர்வு வினாக்களும் வைத்தார். வாசகப் புத்தகத்தில் கிறிஸ்தவரும் சைவரும் அடித்துக்கொண்டார்கள். இலக்கணத்தில் மட்டும் இரண்டு பக்கமும் பவணந்தியையே கையில் வைத்திருந்தார்கள்.

அந்தப் பள்ளி இலக்கணங்களின் மிச்சம்தான் இன்றைக்கு மேசைமேல் கிடக்கும் வண்ணப் புத்தகங்கள். அவை கெட்டவை அல்ல. ஆனால் என் வகுப்பில் நான் பார்த்தது இது: ‘நடந்தனன்’ என்று எழுதிப் போட்டால், நட, த், த், அன், அன், சந்தி தகரம் நகரமானது விகாரம் என்று ஒரு பையன் மூச்சு விடாமல் பிரிப்பான். அதே பையன் விடுப்புக் கடிதம் எழுதினால் நாலு வரியில் வினைமுற்று ஒன்றுகூடச் சரியாக விழாது. பிரிக்கத் தெரிந்தது, சேர்க்க வரவில்லை. தன்னிடம் ஒரு கூடைச் சொல் சேரும் முன்பே அவனை எடைபோட உட்காரவைத்துவிட்டோம்.

எனவே மகளிடம் சொன்னேன்: பேத்திக்குப் பத்து வயது வரை இலக்கணப் புத்தகமே வேண்டாம். பாட்டு, கதை, விடுகதை. கழனிக்குக் கூட்டிப்போய் நெல்லில், கரும்பில், மாட்டில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனையும். பேரனுக்கு அடுத்த வருஷம் நாவலருடைய சுருக்கத்தில் எழுத்தியல் மட்டும். புணர்ச்சியை இப்போதைக்குத் தொட வேண்டாம், அவன் வாயில் அது தானாகவே சரியாக வருகிறது.

மகள் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. என்றைக்காவது திறந்தநிலைப் பள்ளித் தேர்வு எழுதத்தானே வேண்டும், வினாத்தாளில் நிகண்டு கேட்கமாட்டார்களே என்கிறாள். அதுவும் நியாயம்தான். சனிக்கிழமை அரைமணி நேரம் வண்ணப் புத்தகம், மற்ற நாளெல்லாம் என் வழி என்று இப்போதைக்குப் பேசி வைத்திருக்கிறோம்.