ஜாபரின் வாக்கும் சம்பளச் சீட்டும்: பம்பாயில் குடித்தனக்காரரின் வருமானச் சான்று

மும்பையில் இன்று வாடகைக்கு வீடு தேடிச் செல்பவரிடம் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, பணி நியமனக் கடிதம் ஆகியவை கேட்கப்படுகின்றன. வீட்டு உரிமையாளரின் இயல்பான எச்சரிக்கையாகவே இது கொள்ளப்படுகிறது. எனினும் அந்நகரின் வாடகை வரலாற்றில் இத்தாள்களுக்கு நெடுங்காலம் இடமே இருக்கவில்லை.

1920களில் பரேல், லால்பாக் பகுதிப் பஞ்சாலைத் தொழிலாளிக்கு ஒரு மாதக் கூலி அடுத்த மாதத்தின் நடுவில்தான் கைக்கு வந்தது. புதிதாகச் சேர்ந்தவர் ஏறத்தாழ ஆறு வாரம் உழைத்த பின்னரே முதல் கூலியைக் கண்டார். அதுவரை சால் அறையின் வாடகைக்கும் மளிகைக் கடைக் கடனுக்கும் யார் பொறுப்பு? பெரும்பாலும், அவரை ஆலையில் சேர்த்துவிட்ட ஜாபர். ஆலைக்குள் மேற்பார்வையாளரான அவர், தெருவில் பிணை நிற்பவராகவும் வட்டிக்குக் கொடுப்பவராகவும், சில இடங்களில் வாடகை வசூலிப்பவராகவும் இருந்தார். ஜாபரின் அதிகாரம் ஆலை வாயிலோடு முடியாமல் குடியிருப்புகளிலும் வேர்விட்டிருந்ததை ராஜ்நாராயண் சந்தாவர்க்கர் 1994இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். இவ்வேற்பாட்டில் வருமானச் சான்று என்பது ஒரு மனிதரின் வாக்கு. அதற்கு விலையும் உண்டு: ஜாபரைப் பகைத்துக்கொண்டவர் வேலையோடு வீட்டையும் இழக்க நேரிடும். நாள்தோறும் காலையில் வாயிலில் காத்திருந்த ‘பட்லி’ எனும் பதில் ஆட்களின் வருமானமோ யாராலும் உறுதி சொல்ல இயலாதது. அவர்களில் பலர் ஓர் அறையைப் பலராகப் பகிர்ந்தோ, கானாவளிகளில் உண்டு ஒரு மூலையில் உறங்கியோ காலம் தள்ளினர். 1,000 பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் ஆலைகளில் மாதம் முடிந்து 7 நாளுக்குள்ளும், ஏனையவற்றில் 10 நாளுக்குள்ளும் கூலி தர வேண்டும் என்று 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் விதித்தது. இக்காத்திருப்பு அதனால் சுருங்கியதே தவிர மறையவில்லை.

அடுத்த கட்டம் விந்தையானது. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1940 செப்டம்பர் 1இன் வாடகையை அடிப்படையாகக் கொண்டு வாடகைகளை உறையவைத்தது. குடியிருப்பவரை வெளியேற்றுவதையும் அரிதாக்கியது. மாத வாடகை அற்பமாகிவிட்ட பின் குடித்தனக்காரர் எவ்வளவு ஈட்டுகிறார் என்பது யாருக்கு வேண்டும்? உரிமையாளர்கள் பகடி எனும் மொத்தத் தொகையை முன்கூட்டியே பெற்றனர். அதைப் பெறுவது அதே சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே அதற்குச் சீட்டு கிடையாது. வருமானத்துக்குப் பதில் சேமிப்பும் உறவினர் கடனும் சோதிக்கப்பட்டன.

உரிமையாளர்கள் வாடகை ஒப்பந்தத்தைத் தவிர்த்து உரிம ஒப்பந்தத்துக்கு மாறியபோது, 1973 பிப்ரவரி 1 அன்று உரிமத்தின் பேரில் குடியிருந்தோரையும் சட்டத் திருத்தம் குடித்தனக்காரராக்கியது. இவ்வச்சத்தை நீக்கியது 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். உரிமக் காலம் முடிந்தும் வெளியேறாதவர் இருமடங்கு தொகை தர வேண்டும் என்றது அதன் 24ஆம் பிரிவு. அதைவிடக் கவனத்துக்குரியது 3ஆம் பிரிவு: செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் 1 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உடைய நிறுவனம் குடித்தனக்காரரானால் அதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. குடியிருப்பவரின் பொருள்வலிமையைச் சட்டமே அளந்த இடம் இது. வலியவருக்குப் பாதுகாப்பு மறுக்கப்பட்டது என்பதுதான் வேறுபாடு.

பதினொரு மாத உரிமத்தில் குடிவரும் தனிமனிதரிடமிருந்து சந்தை வாடகை மாதந்தோறும் வர வேண்டும். எனவே வருமானம் மீண்டும் பொருட்டாயிற்று. சம்பளச் சீட்டில் உரிமையாளர் முதலில் நோக்குவது தொகையை என்பதைக் காட்டிலும் நிறுவனத்தின் பெயரை என்றே சொல்லலாம். ஜாபரின் இடத்தில் இன்று அப்பெயர் நிற்கிறது.

2017–18ஆம் ஆண்டின் தொழிலாளர் ஆய்வின்படி, இந்தியாவில் வேளாண்மை அல்லாத துறைகளில் நிலையான சம்பளம் பெறுவோரிலேயே 71.1 விழுக்காட்டினருக்கு எழுத்துவடிவ வேலை ஒப்பந்தம் இல்லை. 2021இல் ஒன்றிய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டத்தின் படிவம் பான் எண்ணையும் ஆதார் எண்ணையும் கேட்கிறது. வருமானத்துக்கு அதில் கட்டமில்லை. அதைக் கேட்பவர் உரிமையாளரும் தரகருமே. கடிதமில்லாதவர் இன்றும் தமக்காகச் சொல்லக்கூடிய தெரிந்தவர் ஒருவரைத் தேடிச் செல்கிறார்.