அரசு வழக்குரைஞர் யாருக்குப் பொறுப்பானவர்?

இந்தியாவில் அரசு வழக்குரைஞர் பதவியின் வரலாறு, அதனைக் காவல்துறையிடமிருந்து பிரித்தெடுத்த வரலாறாகவே சொல்லப்படுவதுண்டு. அவ்வாறு பிரிக்கப்பட்டவர் யாருக்கு, எதற்காகப் பொறுப்பேற்க வேண்டும் என்ற வினா மட்டும் இன்றும் தீரவில்லை.

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் காலத்தில், நடுவர் நீதிமன்றங்களில் பல மாகாணங்களில் காவல் அதிகாரிகளே அரசுத் தரப்பு வழக்கை நடத்தினர். புலனாய்வு செய்த துறையே வழக்கையும் நடத்தும்போது, சான்றுகளின் குறையை எடுத்துச் சொல்ல அரசுத் தரப்பில் எவரும் இருப்பதில்லை. எம்.சி. செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் 1958இல் அளித்த 14ஆவது அறிக்கை, இப்பிணைப்பை நீக்கப் பரிந்துரைத்தது. 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், காவல் அதிகாரியை உதவி அரசு வழக்குரைஞராக நியமிப்பதைப் பொதுவாகத் தடைசெய்தது. ஆயினும், மகாராஷ்டிரத்தில் இவ்வழக்குரைஞர்களைக் காவல்துறைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்க 1995இல் உச்ச நீதிமன்றமே ஆணையிட வேண்டியிருந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் தனி இயக்ககத்துக்கு வழிவகுத்தது. அதன் இயக்குநரையோ உள்துறைத் தலைவரின் நிர்வாகக் கட்டுப்பாட்டில் வைத்தது. மாநிலக் காவல்துறையும் உள்துறையின்கீழ் இயங்குவதே.

காவல்துறையின் பிடி தளர்ந்த இடத்தில் அரசாங்கத்தின் பிடி இறுகியது. வழக்கைத் திரும்பப் பெறும் முடிவு அரசு வழக்குரைஞருடையதே, மாவட்ட ஆட்சியர் அவருக்குக் கட்டளையிட இயலாது என்று பல்வந்த் சிங் வழக்கில் (1977) உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனினும், 1990இல் உத்தரப் பிரதேச அரசு தன் மாவட்ட அரசு வழக்குரைஞர்கள் அனைவரையும் ஒரே சுற்றறிக்கையால் நீக்கியது. ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கில் அந்நடவடிக்கை தன்னிச்சையானது எனச் செல்லாததாக்கப்பட்டது. தன் பதவியின் ஆயுள் ஆளும் தரப்பின் கையில் இருக்கையில், சட்டம் வழங்கும் சுதந்திரத்தை ஒருவர் எவ்வளவு பயன்படுத்த இயலும்?

சுதந்திரம் இழந்த பதவியின் விளைவை 2004இல் பெஸ்ட் பேக்கரி வழக்கு காட்டியது. அரசுத் தரப்பே எதிர்த்தரப்பின் நலனுக்கு உதவும் வகையில் நடந்துகொண்டதைக் கண்டித்த உச்ச நீதிமன்றம், மறுவிசாரணையை மகாராஷ்டிரத்துக்கு மாற்றியது. பத்தாண்டுகளுக்குப் பின், குஜராத் அரசு எதிர் கிஷன்பாய் வழக்கில், ஒவ்வொரு விடுதலைத் தீர்ப்பையும் ஆராய்ந்து, தவறிழைத்த புலனாய்வு அதிகாரிகள் மீதும் அரசுத் தரப்பினர் மீதும் துறை நடவடிக்கை எடுக்க வேண்டுமென 2014இல் பணித்தது.

அலட்சியத்தைத் தண்டிக்கும் நோக்கம் நியாயமானதே. ஆனால் விடுதலை ஒவ்வொன்றும் ஐயத்துக்குரியதாகும்போது, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்றையும் நீதிமன்றத்தின் முன் வைக்கக் கடமைப்பட்ட வழக்குரைஞர், தண்டனை பெற்றுத் தருவதையே தன் பணியாகக் கருதத் தொடங்குவார். எந்த மனப்பாங்கிலிருந்து அவரை விடுவிக்க 1958இல் பரிந்துரைக்கப்பட்டதோ, அதே மனப்பாங்குக்கு அவர் திரும்புவார்.

2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, வழக்கைத் திரும்பப் பெற அனுமதிக்குமுன் பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. வழக்கின் முடிவைக் கொண்டு வழக்குரைஞரை அளவிடாமல், அவர் எடுக்கும் நிலைப்பாட்டுக்குத் திறந்த மன்றத்தில் காரணம் கேட்கும் முறை இது. சுதந்திரமும் பொறுப்பும் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கக்கூடிய இடம் இதுவே.