"மீதி குறைவு" என்று வரும் செய்தியும் 1728ஆம் ஆண்டும்



"உங்கள் கணக்கில் மீதி குறைவு" என்று வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியை நம்மில் பலர் சரியாக வாசிப்பதே இல்லை. வாசித்தாலும் "நாளைக்குப் பார்ப்போம்" என்று போனை வைத்துவிடுகிறோம். அந்தச் செய்தியை ஏன் லேசாக எடுக்கக் கூடாது என்பதை விளங்கிக்கொள்ள, நாம் 'ஓடி' என்று சொல்லும் மேலதிகப்பற்று எப்படி வந்தது என்று பார்ப்போம்.

1728இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் வில்லியம் ஹொக் என்றொரு வியாபாரி இருந்தார். சரக்கு வாங்கியவர்களிடமிருந்து காசு வர முதல், தான் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தாக வேண்டிய நிலை அவருக்கு. நம் கடைத்தெருவில் தினமும் நடக்கும் கதைதான். அதற்கு முந்திய ஆண்டில் ஆரம்பித்த றோயல் பேங்க் ஒப் ஸ்கொட்லாந்து, கணக்கில் இருப்பதைவிட 1,000 பவுண் வரை கூடுதலாக எடுக்க அவருக்கு அனுமதி கொடுத்தது. மேலதிகப்பற்றின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

அந்தச் சலுகை சும்மா கிடைக்கவில்லை. இப்படியான கணக்குக்குச் சொத்தும் நல்ல பெயரும் உள்ள இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும் என்று அடம் ஸ்மித் 1776இல் வெளிவந்த தன் நூலில் எழுதுகிறார். நாலைந்து மாதங்களில் எடுத்த அளவுக்குத் திரும்பக் கட்டுகிறாரா என்று வங்கி கவனித்துக்கொண்டே இருக்குமாம். ஒரு கடனை இன்னொரு கடனால் அடைத்துக்கொண்டே போகும் வியாபாரிகளைப் பற்றியும் அவர் எச்சரிக்கிறார். அப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் தாராளமாகக் கொடுத்த அயர் வங்கி, 1769இல் தொடங்கி 1772இலேயே நொடித்தது. அதன் பங்காளிகள் பலர் காணி பூமியை இழந்தார்கள்.

இலங்கையில் கதை வேறு. வெள்ளைக்காரர் காலத்து வங்கிகள் நம் ஊர்ச் சிறு வியாபாரிகளுக்கு நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை. இடையில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் நின்றார்கள். வங்கிக்கும் அவர்களுக்கும் இடையில் யார் நம்பிக்கையானவர் என்று சொல்லிப் பொறுப்பேற்க ஒருவர் இருந்தார். அவர்தான் சிறாப்பர். இன்றும் கச்சேரியில் காசாளரை நாம் அப்படித்தான் அழைக்கிறோம். 1925இல் ஒரு பெரிய செட்டியார் நிறுவனம் நொடித்ததும் வங்கிகள் கையை இறுக்கின. அடிபட்டது உள்ளூர் வியாபாரிகள்தான். இந்தக் குறையை 1934இல் வங்கி ஆணைக்குழு ஆராய்ந்தது. 1939இல் இலங்கை வங்கி வந்தது.

எடின்பரோவில் பிணை நின்றவர், கொழும்பில் சிறாப்பர், பிறகு நம் காலத்தில் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கிளை முகாமையாளர் என்று, நம்மைத் தெரிந்த ஒருவர் எப்போதும் இருந்தார். "ஹாஜியார், செக் ஒன்று வந்திருக்கு, கணக்கில காசு காணாது" என்று ஒரு கோல் வரும். இன்று பெரும்பாலும் அந்த வேலையைக் குறுஞ்செய்திதான் செய்கிறது.

அவகாசமும் குறைந்துவிட்டது. முன்பு வெளியூர்க் காசோலை கொழும்புக்குப் போய்த் தீர நாட்கணக்காகும். அந்த இடைவெளியை நம்பியே செக் எழுதிப் பழகினோம். 2006இல் காசோலையின் படத்தை அனுப்பித் தீர்க்கும் முறை வந்தபின் அடுத்த வேலை நாளிலேயே அது நம் கணக்கைத் தட்டுகிறது. பழக்கம் மட்டும் பழையபடியே இருக்கிறது.

ஆகவே செய்தி வந்த அன்றே சில வேலைகளைச் செய்வோம். செக் புத்தகத்தின் அடித்துண்டைப் பார்த்து இன்னும் வராத காசோலைகளைக் கூட்டுவோம். மாதாமாதம் தானாக வெட்டுப்படும் தவணைகளையும் சேர்ப்போம். காசு போட முடிந்தால் உடனே போடுவோம். முடியாவிட்டால் செக் வாங்கியவரிடமும் வங்கியிடமும் முதலே சொல்வோம். இன்னொருவரின் செக்கை வாங்கிப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். செய்தியில் லிங்க் இருந்தால் அதை அழுத்தாமல், கிளைக்கு நாமே கோல் எடுப்போம்.

காசு இல்லை என்று தெரிந்தே செக் கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்படி குற்றம். நீதவான் நீதிமன்றம் வரை போகும். அதைவிட நமக்குப் பெரிய விடயம் ஒன்று உண்டு. கணக்கு மைனஸுக்குப் போனால் வட்டி நாள் கணக்கில் ஏறும். வட்டியை விட்டு விலகி நிற்க நினைக்கும் நாம், ஒரு செய்தியை வாசிக்காததால் அதற்குள் போய் விழலாமா? குர்ஆனின் மிக நீளமான வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதானே.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இதைப் பகிருங்கள்.