கைப்பழக்கமும் கைவிடலும்: இயன்முறை மருத்துவத்துக்குள் ஆய்வுச் சான்று வந்த வரலாறு

1986-இல் லண்டனில் ஞானப்பல் பிடுங்கிக்கொண்ட நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. இந்த அறுவைக்குப் பின் கன்னம் வீங்கும், வாயைத் திறக்க முடியாது, வலி இருக்கும். ஒரு தரப்பாருக்கு அல்ட்ராசவுண்ட் கருவியால் சிகிச்சை கொடுத்தார்கள். ஜெல் தடவி, கருவியின் தலையைத் தோலின்மேல் மெல்ல வட்டமாக நகர்த்தும் இதே சிகிச்சையை இன்றும் நம் ஊர் பிசியோதெரபி கிளினிக்குகளில் தோளுக்கும் முழங்காலுக்கும் செய்கிறார்கள். இன்னொரு தரப்பாருக்கும் சிகிச்சை அப்படியே நடந்தது, ஆனால் கருவியிலிருந்து ஒலியலை வரவில்லை. வழக்கமான அளவில் இந்த ஒலியலை உடலில் படுவது நோயாளிக்கு அநேகமாகத் தெரியாது. அதனால் தனக்குக் கிடைத்தது அசலா போலியா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சிகிச்சையே பெறாதவர்களோடு ஒப்பிட்டபோது இரு தரப்பாருக்கும் வீக்கமும் வலியும் குறைந்திருந்தன. ஓடாத கருவி, ஓடிய கருவிக்குச் சளைக்கவில்லை.

அந்த முடிவு வெளியான பிறகும் அல்ட்ராசவுண்ட் கருவிகள் விற்றுக்கொண்டுதான் இருந்தன. ஆய்வு முடிவு ஒன்று அச்சில் வருவதற்கும், சிகிச்சை அறையில் ஒருவரது கை அதற்கேற்ப மாறுவதற்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தைக் கடக்க நடந்த முயற்சிகளின் வரலாறே இக்கட்டுரை. புதியதைக் கற்பதில் இயன்முறை மருத்துவர்கள் பின்தங்கியதில்லை, பழையதைக் கைவிடுவதில்தான் சிக்கல் என்பது என் வாதம்.

விளக்கொளியில் ஒரு சோதனை

இத்தொழில் உருவான விதத்திலேயே இந்தச் சிக்கலின் வேர் இருக்கிறது. 1894-இல் லண்டனில் மசாஜ் நிலையங்கள் சில விபசார விடுதிகளாக நடக்கின்றன என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழ் அம்பலப்படுத்தியது. தொழிலின் மானத்தைக் காப்பாற்ற ரோசலிண்ட் பேஜட், லூசி ராபின்சன் உள்ளிட்ட நான்கு பெண்கள் பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். மருத்துவர் சொல்லாமல் யாருக்கும் சிகிச்சை செய்யக்கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. இன்றைய பிரிட்டனின் இயன்முறை மருத்துவர் சங்கம் இதன் வழியில் வந்தது. அந்த விதி நற்பெயரைக் காத்துத் தந்தது. கூடவே, எதைச் செய்வது என்று சொல்லும் பொறுப்பை மருத்துவரிடமும், நேர்த்தியாகச் செய்து முடிக்கும் பொறுப்பைப் பணியாளரிடமும் பிரித்துக் கொடுத்தது. ‘இது பலிக்கிறதா’ என்று கேட்பது அவர்கள் வேலையாக இருக்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு மருத்துவர், டோரா கோல்புரூக். 1920-களில் பிரிட்டனில் புற ஊதா விளக்குச் சிகிச்சை பெரிய மோகமாக இருந்தது. செயற்கை வெயில் பட்டால் குழந்தைகளுக்குச் சளி வராது, உடம்பு தேறும் என்று நம்பி விளக்கு வாங்கி வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து அவர் சோதித்தபோது விளக்கால் ஆதாயம் எதுவும் தெரியவில்லை. மருத்துவ ஆய்வுக் குழு இதை 1929-இல் அறிக்கையாக வெளியிட்டது. இயன்முறை மருத்துவத்தின் சோதனைகளைத் திரட்டி வைத்திருக்கும் இன்றைய தரவுத்தளத்தில் ஆகப் பழைய பதிவு இந்தச் சோதனைதான். வரிசையின் முதல் சோதனையே ‘பலனில்லை’ என்று சொன்னதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஆசான்களின் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளை ஆசான்களின் காலம் எனலாம். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் ஜேம்ஸ் சிரியாக்ஸ், அடிலெய்டின் ஜெஃப்ரி மெய்ட்லண்ட், நியூசிலாந்தின் ராபின் மெக்கன்சி, பக்கவாதத்துக்கு பெர்டா–கரேல் போபத் தம்பதி. சிகிச்சை முறைகளுக்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. மெக்கன்சியின் கதையைத் தொழிலில் உள்ள எல்லோரும் கேட்டிருப்பார்கள். 1956-இல் இடுப்புவலி நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில், அதைக் கவனிக்காமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி வளைந்த நிலையில் சில நிமிடம் கிடந்தவர், வலி குறைந்து எழுந்தார். அதிலிருந்து ஒரு சிகிச்சை முறை பிறந்தது.

நல்ல மருத்துவரின் கண் இப்படித்தான் பார்க்கும், அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ஆசானிடம் வாங்கிய பயிற்சியும் சான்றிதழும் ஒருவருடைய தொழில் அடையாளமாகிவிடுகின்றன. பிறகு அந்த முறையைக் கேள்வி கேட்டால் ஆளையே கேள்வி கேட்டதுபோல் ஆகிவிடுகிறது. போபத் முறை மற்ற முறைகளைவிட மேலானது என்பதற்குச் சான்று இல்லை என 2009-இல் வந்த தொகுப்பாய்வு சொன்னபோது, வார்டுகளில் அது காலூன்றிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

இதே காலத்தில் மருத்துவத்தின் பிற துறைகளில் வேறொரு காற்று வீசத் தொடங்கியிருந்தது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்து 1948-இல் வெளியான ஆய்வில், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைத் தற்செயலின் கையில் விட்டார் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். ஆர்ச்சி காக்ரன் 1972-இல் எழுதிய நூலில் சிகிச்சைகளை இவ்வாறு சோதித்தே ஏற்கவேண்டும் என்றார். சோதனைகளைத் துறைவாரியாகத் திரட்டி மதிப்பிட்டு வைக்க மருத்துவ உலகம் ஏற்பாடு செய்யவில்லை என்று 1979-இல் குறைபட்டுக்கொண்டார். ‘சான்று சார்ந்த மருத்துவம்’ என்ற பெயரை 1991-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து கார்டன் கயாட் அச்சில் ஏற்றினார்.

இயன்முறை மருத்துவத்தை இந்தக் காற்று முதலில் தொட்டது இடுப்புவலியின் வழியாக. ரிச்சர்ட் டேயோ குழுவினர் 1986-இல் 203 நோயாளிகளில் ஒரு பாதிக்கு இரண்டு நாள், மறு பாதிக்கு ஏழு நாள் படுக்கை ஓய்வு சொன்னார்கள். இரண்டு நாள்காரர்கள் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்கள் 45 சதவீதம் குறைவு, மற்றபடி வேறுபாடு இல்லை. 1995-இல் ஹெல்சிங்கியில் படுக்கை, முதுகுப் பயிற்சி, முடிந்த அளவு வழக்கமான வேலை என 186 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். வழக்கமான வேலையைப் பார்த்தவர்களே விரைவில் தேறினார்கள். படுக்கை தோற்றதைத் துறை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. திடீர் இடுப்புவலிக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியும் அதே சோதனையில் தோற்றதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை!

சிட்னி, 1999

ராப் ஹெர்பர்ட், ஆன் மோஸ்லி, கேத்தி ஷெரிங்டன், கிறிஸ் மாஹர் ஆகிய ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர்கள் சிட்னியில் 1999 அக்டோபரில் ‘பெட்ரோ’ என்ற தரவுத்தளத்தைத் திறந்தார்கள். காக்ரன் குறைபட்டுக்கொண்ட வேலையைத் தங்கள் துறைக்கு அவர்களே செய்துகொண்டார்கள் எனலாம். சோதனைகள், தொகுப்பாய்வுகள், வழிகாட்டு நெறிமுறைகள் மூன்றையும் ஓரிடத்தில் சேர்த்து யாரும் காசில்லாமல் தேடும்படி வைத்தார்கள். இன்று பதிவுகள் 60,000-ஐத் தாண்டிவிட்டன.

திரட்டியதைவிட, ஒவ்வொரு சோதனைக்கும் மதிப்பெண் போட்டது முக்கியம். சோதனைகளின் தரம் பார்க்க 1998-இல் நெதர்லாந்தில் உருவான டெல்ஃபை பட்டியலை ஒட்டி 11 கேள்விகள் வைத்தார்கள். ஆட்களைத் தற்செயலாகப் பிரித்தார்களா? அளவெடுத்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாமல் இருந்ததா? கடைசிவரை எத்தனை பேர் நின்றார்கள்? பதினொன்றில் ஒன்று கணக்கில் சேராது, மொத்த மதிப்பெண் பத்து. இந்தப் பத்தில் துறையின் இயல்பே ஒளிந்திருக்கிறது. மாத்திரையை நோயாளிக்கும் தெரியாமல், கொடுப்பவருக்கும் தெரியாமல் மாற்றலாம். நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரும் பயிற்சியை யாருக்குத் தெரியாமல் கொடுப்பது? ஆகவே உடற்பயிற்சிச் சோதனை எவ்வளவு நேர்த்தியாக நடந்தாலும் பெரும்பாலும் எட்டுக்கு மேல் ஏறாது. தங்கள் துறை முழு மதிப்பெண் வாங்கவே முடியாத ஓர் அளவுகோலைத் தாங்களே செய்துகொண்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அல்ட்ராசவுண்டும் இந்த வெளிச்சத்துக்கு வந்தது. 2001-இல் ராபர்ட்சன், பேக்கர் இருவரும் 35 சோதனைகளை எடுத்துப் பார்த்தார்கள். முறை சரியாக இருந்தவை பத்து. அவற்றுள் போலிச் சிகிச்சையைவிட மேல் என்று காட்டியவை இரண்டே இரண்டு.

படித்தால் போதுமா?

தரவுத்தளம் திறப்பதற்கு இரண்டாண்டு முன்பே, 1997-இல், இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் எடுத்த கணக்கெடுப்பு ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தது. சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க இயன்முறை மருத்துவர்கள் முதலில் நாடியது கல்லூரியில் கற்றதை, அடுத்துப் பயிற்சி வகுப்புகளை. ஆய்வுக் கட்டுரைகள் வரிசையின் கடைசியில் நின்றன. 2003-இல் அமெரிக்காவில் டயான் ஜெட் குழுவினர் 488 பேரைக் கேட்டபோது, சான்று வேண்டும் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போனார்கள். தடை எது என்றதற்கு முதலில் வந்த பதில், நேரமில்லை. வாசலில் எட்டுப் பேர் காத்திருக்கும்போது யார் கட்டுரை தேடுவார்கள் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் நேரம் மட்டுமே தடையாக இருந்திருந்தால், நேரம் கொடுத்துப் பயிற்றுவித்ததும் எல்லாம் சரியாகியிருக்க வேண்டும்.

நெதர்லாந்தில் அதையும் பார்த்தார்கள். அந்நாட்டின் இடுப்புவலி நெறிமுறையை ஒரு பகுதி இயன்முறை மருத்துவர்களுக்கு வழக்கம்போல் தபாலில் அனுப்பினார்கள். மறுபகுதிக்குக் கூடுதலாக இரண்டரை மணி நேரப் பயிற்சி இரண்டு முறை கொடுத்தார்கள். 113 மருத்துவர்கள், 500 நோயாளிகள். 2005-இல் பெக்கரிங் குழு வெளியிட்ட முடிவின்படி, பயிற்சி பெற்றவர்கள் நெறிமுறையை ஓரளவு கூடுதலாகப் பின்பற்றினார்கள். நோயாளிகளின் வலியிலும் இயக்கத்திலும் இரு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. சான்றைக் கொண்டுசேர்க்கும் முறைகளையும் சான்றைப் போலவே சோதிக்க வேண்டும் என்ற பாடத்தைத் துறை இங்கேதான் படித்தது.

டென்மார்க்கில் ஏவா ரோஸும் சோரன் ஸ்கூவும் 2013-இல் தொடங்கிய ‘கிளாட்’ திட்டம் வேறு வழியில் போனது. முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியும் விளக்கமும் உதவும் என்று சான்றுகள் சொல்லிக்கொண்டே இருந்தன. நோயாளிகளோ நேராக அறுவைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இத்திட்டம் இயன்முறை மருத்துவர்களை இரண்டு நாள் வகுப்பில் உட்காரவைத்து, மறுநாள் காலை செய்யவேண்டியதைக் கையில் கொடுத்து அனுப்பியது. இரண்டு விளக்க அமர்வுகள், ஆறு வாரத்தில் பன்னிரண்டு பயிற்சி அமர்வுகள். நோயாளியின் நிலையை மூன்றாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் பொதுப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். கட்டுரை படிக்கும் சுமையை மருத்துவரிடமிருந்து எடுத்துவிட்டு, அவர் வேலையின் விளைவை அவருக்கே காட்டும் ஏற்பாடு இது. ஆஸ்திரேலியா, கனடா, சுவிட்சர்லாந்து, சீனா என்று பரவியது.

இது புதியதைக் கொண்டுவந்து சேர்த்த கதை. பழையதைக் கைவிடச் சொல்லும் முயற்சி 2014-இல் அமெரிக்க இயன்முறை மருத்துவர் சங்கத்திடமிருந்து வந்தது. அது வெளியிட்ட ஐந்து அறிவுரைகளும் ‘வேண்டாம்’ என்றே தொடங்கின. அவற்றுள் ஒன்று, சிக்கலில்லாத முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் காலைத் தானாக மடக்கி நீட்டும் சி.பி.எம். கருவியைப் பற்றியது. ஆர்ச்சி காக்ரன் பெயர் தாங்கிய அமைப்பு அதே ஆண்டில் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, அந்தக் கருவியால் முழங்கால் கூடுதலாக மடங்கிய அளவு 2 பாகை.

நம்பியவர்களே சோதித்தபோது

ஜூலி பெர்ன்ஹார்ட் மெல்போர்னில் இயன்முறை மருத்துவர். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளியை எழுப்பி அடிக்கடி நடக்கவைத்தால் நல்லது என்பது அவரும் பல வார்டுகளும் நம்பியது. ஐந்து நாடுகளில் 56 மருத்துவமனைகளில் 2,104 நோயாளிகளிடம் அதைச் சோதித்தார். 2015-இல் வந்த முடிவு எதிர்மாறாக இருந்தது: மூன்றாம் மாதம் நல்ல நிலையில் இருந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 50 சதவீதம், தீவிரமாக எழுப்பப்பட்டவர்களில் 46 சதவீதம். தன் நம்பிக்கையே தவறு என்பதைத் தன் பெயரிலேயே அவர் வெளியிட்டார்.

இந்தியாவிலும் இதற்கு இணையான ஒன்று நடந்தது. பக்கவாத நோயாளிக்குப் பயிற்சி கொடுக்க ஆள் பற்றாத நாட்டில், வீட்டாருக்கே கற்றுக்கொடுத்து அனுப்பினால் என்ன என்பது எல்லோரும் ஒப்பும் யோசனை. அநேகமாக ஒவ்வொரு மருத்துவமனையும் ஏதோ அளவில் இதைச் செய்கிறது. 14 இந்திய மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்பவர்களும் இரு குழுக்களிலும் 47 சதவீதம். நல்லெண்ணம் நிறைந்த யோசனையானாலும் சோதித்தே ஏற்கவேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று நம் மண்ணில் இல்லை.

பெட்ரோ தொடங்கி இருபது ஆண்டு கழித்து, அதன் நிறுவனர்களுள் ஒருவரான கிறிஸ் மாஹரும் ஜோஷுவா ஸட்ரோவும் மேரி ஓ’கீஃபும் கணக்குப் பார்த்தார்கள். தசை, எலும்பு, மூட்டுக் கோளாறுகளுக்கு இயன்முறை மருத்துவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்ட ஆய்வுகளைத் தொகுத்தார்கள். கணக்கெடுப்புகளின் நடுமதிப்புப்படி, பரிந்துரைத்த சிகிச்சையைத் தருபவர்கள் 54 சதவீதம், பரிந்துரைக்காததைத் தருபவர்கள் 43 சதவீதம். நெறிமுறைகள் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாதவற்றைத் தருபவர்கள் 81 சதவீதம்! பரிந்துரைத்ததையும் மற்றவற்றையும் சேர்த்தே கொடுக்கிறார்கள் என்பதே இந்த எண்களின் பொருள். புதியது உள்ளே வந்துவிட்டது, பழையது வெளியே போகவில்லை.

பெட்ரோவின் தேடுபக்கம் இப்போது தமிழிலும் இருக்கிறது, சோதனைச் சுருக்கங்கள் மட்டும் ஆங்கிலத்தில். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் காக்ரன் அமைப்பின் தெற்காசிய மையம் இயங்கியிருக்கிறது. 2007-இல் காக்ரன் நூலகத்தை இந்தியர் யாவரும் கட்டணமின்றிப் படிக்க அரசு வழிசெய்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் முழங்கால்வலிக்காரர் பிசியோவிடம் போவதை இன்றும் ‘கரண்ட் வைக்கப் போறேன்’ என்றுதான் சொல்கிறார். ‘கரண்ட் வெச்சா கேக்குது’ என்பது அவர் அனுபவம், லண்டன் பல் நோயாளிகளின் அனுபவத்தைப் போலவே உண்மையானது. கட்டணமும் பெரும்பாலும் தினப்படி. கருவியைத் தொடாமல் உடற்பயிற்சி மட்டும் சொல்லி அனுப்பினால், ‘இதுக்கா காசு’ என்ற பார்வை வரும். அதனால் விவரம் தெரிந்த சிலர் ஓர் உத்தி வைத்திருக்கிறார்கள்: கருவியை ஐந்து நிமிடம் வைத்துவிட்டு, வலி சற்றுத் தணிந்த அந்த இடைவெளியில் நோயாளியை ஸ்டூலிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரச் சொல்கிறார்கள். இத்தகைய கருவிகள் வேண்டாம் என்ற, அமெரிக்கச் சங்கத்தின் முதல் அறிவுரையிலேயே இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது: நோயாளியைப் பயிற்சிக்குள் கொண்டுவர உதவுமானால் கருவியைப் பயன்படுத்தலாம்.