வலி என்னும் கொடை: தொழுநோயும் பால் பிராண்டும்

பால் பிராண்ட் 1914 ஜூலை 17 அன்று கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோரான ஜெஸ்ஸி, எவலின் இருவரும் ஆங்கிலேய மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்தில் விடப்பட்ட பால், அதன்பின் தந்தையைப் பார்க்கவே இல்லை. 1929இல் மலேரியா முற்றி ஜெஸ்ஸி மலையிலேயே இறந்தார். தாயோ தொண்ணூறு வயதைக் கடந்தும் மலைவாழ் மக்களிடையே ஊழியம் செய்தார். கட்டட வேலை கற்று, பிறகே மருத்துவம் படித்த பால், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார்.

தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. செத்துவிட்டதாக எல்லோரும் எண்ணிய கையில் வலுவான தசைகள் இருந்தன!

விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்பதே அன்றைய நம்பிக்கை. எங்கள் தலைமுறையினர் பள்ளி நாட்களிலும் அப்படித்தான் கேட்டிருக்கிறோம். உண்மை வேறு என்பதை பிராண்டும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். நோய் நரம்புகளைத் தாக்குவதால் உணர்ச்சி போய்விடுகிறது. சுடுபாத்திரத்தைத் தூக்கினாலும் ஆணியை மிதித்தாலும் நோயாளிக்குத் தெரிவதில்லை. புண்ணோடே வேலை செய்கிறார், நடக்கிறார். புண் சீழ்பிடித்து எலும்பு வரை அரிக்கிறது. சிலருக்கு இரவில் இருந்த விரல் காலையில் இல்லை. தூங்கும்போது எலிகள் கடித்திருந்தன. அதனால் நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன.

நோயைப் பாவத்தின் தண்டனையாகவோ கடவுள் வைக்கும் சோதனையாகவோ கருதுவது கிறித்தவர்களிடையே பழைய வழக்கம். பிராண்டின் சிந்தனை வேறு திசையில் சென்றது. வலியை உணரும் ஆற்றல் உடலைக் காக்கக் கடவுள் தந்த கொடை என்றார் அவர். பிலிப் யான்சியுடன் சேர்ந்து இதை 1993இல் ஒரு நூலாகவும் எழுதினார். புற்றுநோயில் துடிப்பவரிடம் இதைச் சொன்னால் கொடுமையாகத் தோன்றும்தான். ஆனால் வலியே இல்லாமல் கைகால்களை இழந்தவர்களிடம் பிராண்ட் கற்ற பாடம் இது. இதைப் படிப்பவர் அதை மறந்துவிடக் கூடாது.

முன்கையில் நல்ல நிலையில் உள்ள தசைநாண் ஒன்றைத் திருப்பி, செயலிழந்த தசையின் வேலையைச் செய்ய வைத்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. அப்போது எதிர்பாராத ஒரு முறையீடு வந்தது. கை நேரானதால் பிச்சை குறைந்துவிட்டது என்றார்கள் சிலர். கையைச் சரிசெய்தால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு வேலையும் வேண்டும் என்பது அப்போது புரிந்தது. கல்லூரி வளாகத்தில் 'புதுவாழ்வு மையம்' எழுந்தது. நோயாளிகள் தச்சுவேலையும் பொம்மை செய்தலும் கற்றனர். சொந்த ஊர் திரும்பினால் பிழைக்க அது உதவியது.

இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று பிராண்ட் ஊக்கப்படுத்த, சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார் அவர். பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு அடித்தளமிட்டவரும் அவரே.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். உணர்ச்சியற்ற பாதங்களைக் காக்க வேலூரில் கற்றவை, அங்கே சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்பட்டன. தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், அழுத்தாத செருப்பு அணிய வேண்டும், புண் வந்தால் அந்தக் காலுக்கு ஓய்வு தர வேண்டும் என்று இன்று நம் ஊர் மருத்துவர்களும் அவர்களுக்குச் சொல்கிறார்கள்.